ஒன்றாம் வகுப்பை வீட்டிலேயே நடத்த என்ன புத்தகம் வாங்கலாம்? ஒரு வருடம் பயன்படுத்திப் பார்த்துச் சொல்கிறேன்

மகளுக்குப் போன ஜூனில் ஆறு வயது முடிந்தது. பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டில்தான் படிக்கிறாள். ஏன் என்பது தனிக் கதை, அதை இங்கே எழுதப் போவதில்லை. புத்தகங்களைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன், ஏனென்றால் போன வருடம் இதே நேரத்தில் நான் ராத்திரி ராத்திரியாகத் தேடியும் தமிழ் பேசும் வீட்டுக்கு எது சரிப்படும் என்று யாரும் விவரமாக எழுதி வைத்திருக்கவில்லை.

முதலில் ஒன்று. எல்லாப் பாடமும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கிறார்களே, அதை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். நாங்கள் வாங்கினோம், பெயர் வேண்டாம். 36 வாரத்துக்கு நாள்வாரியாக அட்டவணை, கலர் கலராகப் பயிற்சித் தாள்கள், எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் அப்போதே தமிழில் சின்னக் கதைகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கணக்கில் பத்தைத் தாண்டினால் தடுமாறுவாள், ஆங்கிலத்தில் எழுத்துகளின் பெயர் மட்டும் தெரியும். பெட்டிக்கோ மூன்று பாடமும் ஒரே படியில் ஏற வேண்டும். தமிழில் அவளுக்குத் தெரிந்ததையே எழுத வைத்தது, கணக்கில் அவள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓடியது. ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமைக் கணக்கு முடியாமலே வியாழக்கிழமை வந்துவிட, "அம்மா, எனக்குக் கணக்கு வராதுமா" என்றாள். ஆறு வயதுக் குழந்தை வாயில் அந்த வார்த்தை வரவே கூடாது. அன்றைக்கே மூடி வைத்துவிட்டேன். பணம் திரும்பக் கேட்டதற்கு, பிரித்த பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத் தேடினோம், ஒவ்வொன்றிலும் அவள் எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து. இப்படிச் செய்தபிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது.

கணக்குக்கு நாங்கள் எடுத்தது, மத்திய அரசின் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி 2023-ல் கொண்டுவந்த 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' ஒன்றாம் வகுப்புப் புத்தகம். விலை 65 ரூபாய். இந்த விலைக்கு என்ன பெரிதாக இருந்துவிடும் என்றுதான் வாங்கினேன், இந்த வருடம் எங்கள் மேசையில் தினமும் திறந்த புத்தகம் இதுதான். மொத்தம் 13 பாடங்கள். முதல் பாடத்தில் எண்ணே கிடையாது, பூனை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, மேலேயா கீழேயா என்று பேச வைக்கிறார்கள். அடுத்தது வடிவங்கள். மூன்றாவதில்தான் 1 முதல் 9. நான்காவது பாடத்துக்குத் தலைப்பே பத்து ஆக்குவது, அங்கிருந்து 20 வரை. 99 எட்டாவது பாடத்தில்தான் வருகிறது. எண்ணை 100 வரை ஒப்பிக்க வைப்பதற்கு முன்னால் பத்து என்றால் என்ன என்று கையில் பிடிக்க வைக்கிறார்கள், எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

அந்த நான்காவது பாடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தோம். 30 முட்டை வைக்கிற அட்டையை எடுத்து, ஐந்து ஐந்து குழியாக இரண்டு வரிசை மட்டும் வெட்டிக்கொண்டேன், பத்துக் குழி. அதில் புளியங்கொட்டை. எட்டு கொட்டையைக் குழிக்கு ஒன்றாக வைத்துவிட்டு, கையில் ஐந்தைக் கொடுத்து, எல்லாம் சேர்ந்தால் எத்தனை என்று கேட்டேன். முதல் பத்து நாள் ஒன்றிலிருந்து திரும்ப எண்ணினாள். ஒரு நாள் கையில் இருந்த ஐந்தில் இரண்டை எடுத்துக் காலிக் குழிகளில் போட்டாள், உள்ளங்கையைப் பார்த்தாள், "பத்தும் மூணும்" என்றாள். பதின்மூன்று என்று கூட இல்லை, பத்தும் மூணும். கணக்கு வராது என்று சொன்ன குழந்தை அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் அப்பத்தாவை உட்கார வைத்து இட்லியை வைத்து அதையே சொல்லிக் கொடுத்தாள்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்களை முதலில் தமிழில் சொல்லிக் கொடுங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், இருபது என்றால் இரண்டு பத்து, முப்பது என்றால் மூன்று பத்து, சொல்லிலேயே விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் குழந்தையின் காதுக்குப் பத்து எதுவும் கேட்காது, ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரிக் கேட்கும். என் மகள் 15-ஐயும் 50-ஐயும் மாற்றி மாற்றி எழுதியது தமிழுக்கு மாறியதும் தானாகச் சரியானது. தமிழில் சிக்கல் ஒரே இடத்தில்தான், எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "ஒன்பதுபத்து" என்றாள். அவள் கணக்குப்படி அது சரிதானே? தொண்ணூறு என்பதைத் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

இந்தப் புத்தகத்தில் குறை என்று பார்த்தால், பக்கம் பக்கமாகக் கூட்டல் கழித்தல் போட வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் போதாது. நாங்கள் அதைப் பல்லாங்குழியில் ஈடுகட்டினோம். 14 குழி, குழிக்கு ஐந்து, ஆளுக்கு ஏழு குழி என்றால் எத்தனை? பதினோராவது பாடத்தில் பெருக்கல் எட்டிப் பார்க்கும்போது அவளுக்கு ஐந்து ஐந்தாக எண்ணுவது ஏற்கெனவே கைவந்திருந்தது. சிங்கப்பூர்க் கணக்கு என்று இப்போது நல்ல விலைக்கு விற்கிறார்களே, அந்த முறையின் அடிப்படையும் இதுதான்: முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண். அந்தப் புத்தகங்கள் நல்லவைதான், வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் அது இல்லாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

அடுத்து தமிழ். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே போதும். கழகத்தின் இணையதளத்திலேயே பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள், வயதைப் பார்த்து இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இந்த யோசனை ரொம்ப உதவும், ஒரே வகுப்பிலேயே மூன்று நிலைப் பிள்ளைகள் இருக்கலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது.

தமிழ் படிக்கத் தடங்கல் 247 எழுத்தில் இல்லை, கொம்பில் இருக்கிறது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் இன்னொரு பக்கம். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய குழந்தை 'கொடி'யைப் பார்த்து 'கெ' என்று ஆரம்பித்துவிட்டு அந்தக் காலை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். பழைய காலண்டர் அட்டையில் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக வெட்டி வைத்தேன். நடுவில் 'க'வை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அட்டையை ஒன்றாக நகர்த்திக் கொண்டுவந்து ஒட்டினாற்போல வைத்ததும் 'கொ' என்று சொல்ல வேண்டும். பத்து நாளில் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று, வீட்டில் "உக்காரு" என்கிறோம், புத்தகத்தில் 'அமர்ந்தான்' வரும். பாதித் தடுமாற்றம் எழுத்து தெரியாததால் இல்லை, சொல் தெரியாததால். தினமும் ராத்திரி கதையை எழுத்துத் தமிழிலேயே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், காதில் விழுந்த சொல்லைக் கண் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும், தானே ஒரு புத்தகத்தை முடித்தேன் என்ற சந்தோஷம் குழந்தைக்கு அங்கேதான் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்குவதென்றால் சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் எங்கள் வீட்டில் அப்பத்தாவும் படிக்கிறார், நானும் படிக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு ஜாலி ஃபோனிக்ஸ் எடுத்தோம், எழுத்தின் பெயரை விட்டு ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லித்தரும் முறை இது. மொத்தம் 42 ஒலிகள், ஏபிசிடி வரிசையில் வராது, எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்கும், ஏனென்றால் இந்த ஆறை வைத்தே நிறையச் சின்னச் சொற்களை உடனே படித்துவிடலாம். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு செய்கை, ஏ-வுக்குக் கையில் எறும்பு ஊருவது போல விரலை ஓட்ட வேண்டும். மகளுக்கு உயிர். நாங்கள் செய்த தப்பு, ஒலியை 'ப', 'ட', 'ன' என்று அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. 'ப-இ-ன' என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் 'பின்' வராது. அப்புறம்தான் தோன்றியது, புள்ளி வைத்த எழுத்து அவளுக்குத் தமிழிலேயே தெரியுமே! ப் இ ன், பின். ட் இ ன், டின். அன்றைக்கே கோத்துப் படித்துவிட்டாள். தமிழ் முதலில் ஊன்றிய பிள்ளைக்கு ஆங்கில ஒலி ஒரு சுமையே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அறிவியல், சூழ்நிலையியல், பொது அறிவுக்கெல்லாம் ஒன்றும் வாங்கவில்லை. ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் மட்டும் போதும், வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. என்சிஇஆர்டியிலும் இந்த வகுப்புக்குச் சூழ்நிலையியல் தனிப் புத்தகம் கிடையாது. மாநிலப் பாடத்தில் உண்டு, படம் பார்க்க இறக்கி வைத்திருக்கிறோம். மற்றபடி சனிக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குக் கூட்டிப் போய் 50 ரூபாய் கையில் கொடுத்து, இதற்குள் மூன்று காய் வாங்கு கண்ணு என்று விட்டுவிடுவேன். கோவையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போனோம், திரும்பி வந்து ஒரு வாரம் தெருவில் இருக்கிற மரத்துக்கெல்லாம் பேர் கேட்டாள்.

உறவுக்காரர்கள் கேட்கிற கேள்வி, நாளைக்குப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றால்? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 4-வது பிரிவு, பள்ளிக்கே போகாத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது. வீட்டிலேயே தொடர்ந்தால் என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, அதன் அடிப்படைக் கல்வியில் 'ஏ' நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது ஆக வேண்டும். ஆக, ஒன்றாம் வகுப்பில் தப்பான புத்தகம் எடுத்துவிட்டோமோ என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் மாதிரிப் பக்கங்கள் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். முதல் பாடத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு பாடத்தை எடுத்து மூன்று நாள் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள், முதல் பாடம் எல்லாப் புத்தகத்திலும் எளிதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனபிறகும் பிள்ளை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். நான் இரண்டாம் வகுப்புக்கு இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

கடைசியாக, என்சிஇஆர்டி புத்தகம் ஜூனில் கடைகளில் தட்டுப்பாடாகிவிடும், ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். பிடிஎஃப் இலவசம்தானே என்று கணக்குப் புத்தகத்தை அச்செடுக்கப் போகாதீர்கள், கலரில் எடுத்தால் 65 ரூபாயைவிட அதிகமாகிவிடும், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் படத்தில் எது தனி எது சேர்த்தி என்று எண்ணும்போது குழந்தைக்குப் புரியாது. தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும் பருவம் பருவமாக அச்செடுத்துச் சுருள்கட்டு போட்டுக்கொள்ளுங்கள், மேசையில் விரித்தால் மூடிக்கொள்ளாமல் நிற்கிறது.