பூப்பாத்திக்கு எந்தக் கல்? செங்கல், சீமெந்துக் கல், கருங்கல்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் கேற்றில் இருந்து விறாந்தைப் படி வரைக்கும் 30 அடிப் பாதை. இரண்டு பக்கமும் பூப்பாத்தி. அந்தப் பாதைக்கு இதுவரை மூன்று தரம் கரை வைத்தாகிவிட்டது. முதலில் செங்கல், பிறகு அச்சில் வார்த்த சீமெந்துக் கல், இப்போது கருங்கல். அம்மாவின் வீடு உவர்மலையில். அங்கே முற்றத்துத் துளசியைச் சுற்றி நட்ட சூளைச் செங்கல் 15 வருடமாக ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அதே மாதிரிச் செங்கல்தான் என் வீட்டில் மூன்றாவது மாரியோடு மாவாகக் கொட்டியது.

எது வடிவான கல் என்று கேட்டால் எல்லாமே வடிவுதான். திருகோணமலையில் கல் வாங்கப்போகிற ஒருவர் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது? மாரி மழைத் தண்ணீர் வளவில் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கல் தானாகத் தெரிவாகிவிடும்.

செங்கல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் நினைக்கிறோம். சிவப்பு நிறம் பச்சைக்கு எடுப்பாக இருக்கும், கையால் தூக்கலாம், நட்டும் வைக்கலாம், பல்லுப் பல்லாகச் சாய்த்தும் வைக்கலாம். மேசன் இல்லாமலே ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்துவிடும். குறை அதன் உள்ளே இருக்கிறது. செங்கல் முழுக்க நுண்ணிய துளைகள். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாடைக்காற்று கடலில் இருந்து உப்புத் துமியைக் கொண்டுவருகிறது, மழையும் அப்போதுதான். உப்புக் கரைந்த தண்ணீர் துளைகளுக்குள் இறங்கும். பிறகு வைகாசியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு உள்ளேயே பளிங்காகக் கட்டும். அந்தப் பளிங்கு வளர வளரக் கல்லின் மேல் தோலை உள்ளிருந்து தள்ளும். முதலில் வெள்ளையாகப் பூக்கும், அடுத்து ஓடு ஓடாகக் கழரும். நனைந்து காய்வதும் திரும்ப நனைவதும்தான் செங்கல்லைத் தின்கிறது, எங்கள் கரையோரத்துக் காலநிலை அதை வருடா வருடம் ஒழுங்காகச் செய்கிறது.

உவர்மலைச் செங்கல் ஏன் தப்பியது? மேட்டு நிலம், மழைத் தண்ணீர் நிற்காமல் சரிவில் இறங்கிவிடுகிறது. அம்மாவின் வளவு உள்துறைமுகப் பக்கம் பார்த்தது, திறந்த கடலின் அலைத்துமி அங்கே நேராக வந்து அடிப்பதில்லை. கல்லும் நன்றாக வெந்த கல். ஆகவே செங்கல்லைக் கூடாது என்று ஒதுக்கிவிட மாட்டேன். உவர்மலை, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வீடுகளுக்கு அது நல்ல தெரிவு. கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி வீடுகளுக்கு வேண்டாம்.

வாங்குகிறவர்கள் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் வெந்த கல், பொத்தென்று கேட்டால் வேகாத கல். நகத்தால் கீறினால் கோடு விழவும் கூடாது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கல்லைக் காய்ந்தபடி எடை பார்த்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, திரும்ப எடை பாருங்கள். எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தண்ணீரை அது மாரியிலும் குடிக்கும். நல்ல கருங்கல்லை இப்படி நிறுத்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஏறாது.

செங்கல் போன பிறகு சீமெந்துக் கல் வைத்தோம். ஒரே அளவு, ஒரே உயரம், நூல் பிடித்த மாதிரி நேராக வரும். றோட்டுக்கரையில் பதிக்கிற கேர்ப் கல்லின் சின்ன உருவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாகனம் ஏறி இறங்குகிற பாதை, சில்லு வண்டியில் ஆளைக் கொண்டுபோகிற பாதை என்றால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். அந்த நேர்த்தியையும் இறுக்கத்தையும் கருங்கல் துண்டில் எடுப்பது கஷ்டம். இன்டர்லொக் கல் பதித்த முற்றத்துக்கும் இதுதான் தேவை, ஏனென்றால் ஓரத்தை இறுக்கிப் பிடிக்க ஒன்று இல்லாவிட்டால் இன்டர்லொக் கல் மெல்ல மெல்ல விலகிப்போகும்.

ஆனால் என் பாதைக்கு அது சரிவரவில்லை. மேசன் சொன்னார், "அக்கா, இடையில சாந்து வச்சுப் பூசினாத்தான் நிக்கும்." சரி என்று விட்டேன். கார்த்திகை மழையில் பாதையே வாய்க்கால் ஆனது. முன்பு இரண்டு பக்கமும் மணலுக்குள் இறங்கிப்போன தண்ணீர் கட்டுக்குள்ளே அடைபட்டு, கேற்றடி மூலையில் தேங்கி, பாத்திக்குள் வழிந்தது. ஈரக்கால் பொறுக்காத நித்தியகல்யாணி அத்தனையும் வேரழுகிச் செத்தது. பிறகு தண்ணீர் தனக்கு வழி தேடி ஓரிடத்தில் கல்லுக்கு அடியால் மணலை அரித்துக்கொண்டு வெளியேற, ஆறடி நீளக் கட்டு ஒரே துண்டாகக் குப்புற விழுந்தது. அந்த மேசன் கெட்டிக்காரர், வேலையில் ஒரு குறையும் இல்லை. மணல் நிலத்தில் தண்ணீருக்கு வாசல் வைக்காமல் கட்டினோம், அதுதான் பிழை. சீமெந்துக் கல்தான் வேண்டும் என்றால் நாலைந்து அடிக்கு ஒரு இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் விடச் சொல்லுங்கள்.

உள்ளே கம்பி வைத்து வார்த்த கல் உறுதி என்று சிலர் கூடக் காசு வாங்குவார்கள். பாத்திக் கரைக்குக் கம்பி தேவையே இல்லை. உப்புப் புகுந்து கம்பி கறள் பிடித்தால், கறள் இரும்பைவிடக் கூட இடம் பிடிக்கும், கல் உள்ளிருந்து பிளக்கும். கம்பி இல்லாத, தண்ணீர் ஊற்றி ஒரு கிழமையாவது ஆறவிட்ட கல்லாக வாங்குங்கள். அச்சில் இருந்து எடுத்து இரண்டாம் நாளே ஏற்றி அனுப்புகிற கல் மூலை மூலையாக உதிரும்.

கரை வைக்கும்போது யாரும் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. சீமெந்தில் இருந்து சுண்ணாம்புத் தன்மை மெல்ல மண்ணுக்குள் இறங்கும். பல செடிக்கு அது பெரிய விடயம் இல்லை. நேசரிகளில் எக்சோரா என்று விற்கிற வெட்சிக்குப் பெரிய விடயம். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வெட்சியால் அதை எடுக்க முடியாது, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து நான் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். வெட்சி வேலி வைத்திருக்கிறவர்கள் சாந்துக் கட்டையும் மாபிள் சிப்ஸையும் அதன் காலடியில் இருந்து தள்ளியே வையுங்கள்.

சில வளவுகளில் பொள்ளல் உள்ள சீமெந்து புளொக்கை வாய் மேலே பார்க்க நட்டு, குழிக்குள் செடி வைத்திருப்பார்கள். செடி இருக்கிற குழியில் பிழையில்லை, வெறுமையாக விட்ட குழியில் தண்ணீர் நிற்கும். 2017இல் கிண்ணியா டெங்குக் காய்ச்சலால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அப்படி ஒரு குழியை வீட்டு வாசலில் வைக்க எனக்கு மனம் வராது. கவிழ்த்து நட்ட போத்தல் கரைக்கும் இதே கவலைதான், அடிக்குழியில் தண்ணீர் பிடிக்கும்.

இப்போது கருங்கல். இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை, நாங்கள் கருங்கல் என்று வாங்குவது பெரும்பாலும் அந்தப் பாறைதான். துளை மிகக் குறைவு என்பதால் உப்புத் தண்ணீர் உள்ளே போக வழி இல்லாத மாதிரித்தான். கடற்காற்றில் கல் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரட்றிக் கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நிற்கலாம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். கோயில் திருப்பணி செய்தவனாகச் சொல்லப்படுகிற குளக்கோட்டன் பெயர் வருகிற சாசனக் கல்லும் இரட்டைக் கயல் சின்னமும் அந்த வாசலில் இன்றும் இருக்கின்றன. எழுத்துச் சில இடங்களில் சிதைந்துவிட்டது, கல் நிற்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பார்க்காமல் உள்ளே போக முடிவதில்லை.

கருங்கல்லைச் சாந்து இல்லாமலே வைக்கலாம் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய நன்மை. ஒன்பது இஞ்சி நீளம், ஆறு இஞ்சி அகலம் உயரம் உள்ள ஒரு துண்டு 14 கிலோ அளவு வரும். அந்தப் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள இடுக்குகளால் தண்ணீர் அமைதியாகப் போகும், மண் அங்கேயே நிற்கும். ஒரு கல் சரிந்தால் அந்த ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் போதும். அடுத்த வருடம் பாத்தியைப் பெருப்பிக்க நினைத்தாலும் உடைக்க ஒன்றும் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும். புதிதாக உடைத்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி, ஓடித் திரிகிற பிள்ளைகள் இருந்தால் கூர்ப்பக்கத்தை மண்ணுக்குள் வைக்க வேண்டும், அல்லது சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி முனையை மழுக்க வேண்டும். மத்தியான வெயிலில் கல் கொதிக்கும், அதை ஒட்டி இளங்கன்று நடக்கூடாது, ஒரு சாண் தள்ளி நடுங்கள். இடுக்கில் தேளும் பூரானும் வந்து குடியிருக்கும். அதற்காகச் சாந்து பூசத் தேவையில்லை, முக்கால் இஞ்சிக் கல்லையும் கல்தூசியையும் இடுக்கில் இறுக்கி அடைத்தால் தண்ணீர் போகும், பூச்சி இருக்க இடம் கிடைக்காது. வாங்கும்போது கபில நிறமாக உக்கிய கல்லையும், காக்காய்ப்பொன் மினுங்கி அடுக்கடுக்காகப் பிரிகிற கல்லையும் ஒதுக்கிவிடுங்கள். கல்லுக்கும் மணலுக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு, 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் அது. இரவில் மலிவாக வந்து இறங்குகிற லோட்டை வாங்க வேண்டாம்.

கூழாங்கல்லையும் வெள்ளை மாபிள் சிப்ஸையும் நான் கரைக்கல்லாகவே எண்ணுவதில்லை. அவை நிரப்புகிற கல். தனியாகக் கரை போட்டால் முதல் மழையிலே பாதைக்கு உருண்டு வரும், முற்றம் கூட்டுகிற ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையோடு போகும். வெள்ளைக் கல் மத்தியானத்தில் கண் கூசும், மாரி முடிய பச்சைப் பாசி பிடிக்கும். கருங்கல் கரைக்கு உட்பக்கமாக ஒரு சாண் அகலத்துக்குப் பரவினால் அழகு, களையும் குறையும். செம்புறாங்கல் தென்மேற்குப் பக்கத்துக் கல், அங்கே இருந்து ஏற்றி இறக்கும் செலவைப் பார்த்தால் எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

முருகைக்கல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாங்கள் கடற்கரையில் பொறுக்கி வந்த முருகைத் துண்டுகளைத்தான் பூமரத்தைச் சுற்றி வைத்தோம். அப்போது யாரும் தடுக்கவில்லை. இன்றைக்கு முருகைக்கல் எடுப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது, முருகைப் பார் உள்ள நிலாவெளிக் கடலின் புறாமலைத் தீவு 2003இல் இருந்து தேசியப் பூங்கா. முருகைப் பார் உயிரோடு இருக்கிற இடத்தில்தான் அலை வேகம் அடங்கிக் கரைக்கு வருகிறது. 2004 மார்கழிச் சுனாமியைப் பார்த்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. பழைய வீடு இடித்த கல் என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். எங்கே எடுத்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது, அதற்குள் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் செடிக்கும் நல்லதில்லை.

அளவுக் கணக்கு. 30 அடிப் பாதைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 அடி. செங்கல்லைத் தட்டைப் பக்கம் பாதையைப் பார்க்க நெருக்கி நட்டால் 175 கல் அளவு, பல்லுப் பல்லாகச் சாய்த்தால் 200, உடைவுக்குப் பத்துக்கு ஒன்று கூட்டுங்கள். கருங்கல் என்றால் எட்டு இஞ்சி அகலம், பத்து இஞ்சி உயரத்துக்கு மூன்றில் ஒரு கியூப் வரும். கியூப் என்பது 100 கன அடி. கழிவையும் பார்த்து அரைக் கியூப் எடுத்தால் மிஞ்சும், மிஞ்சியதைத் தண்ணீர்க் குழாயடிக்குப் போடலாம். விலை கேட்கும்போது இறக்கித் தருகிற கூலியோடு கேளுங்கள். டிப்பர் ஒழுங்கைக்குள் வராவிட்டால் லேண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திர வண்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டி வரும்.

வைக்கிற முறையில் மணல் நிலத்துக்கும் வன்னிலத்துக்கும் ஒரே ஒரு வேறுபாடு. நாலைந்து இஞ்சி ஆழத்துக்கு வெட்டி, கல்லின் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகும்படி வைக்க வேண்டும், இது எங்கேயும் பொது. உப்புவெளி மாதிரி மணலில் வெட்டிய கானுக்குள் முதலில் பழைய உரப்பையைக் கிழித்து விரித்து, அதன்மேல் இரண்டு இஞ்சி கல்தூசி போட்டு இடித்து, பிறகுதான் கல். பை மணலை வழுக்கவிடாமல் பிடிக்கும், தண்ணீர் அதன் இழையால் கசியும்.

எங்கள் கருங்கல் கரை இரண்டு மாரி கண்டுவிட்டது. கேற்றடியில் மூன்று கல் கொஞ்சம் தாழ்ந்தது, ஒரு பின்னேரத்தில் தூக்கித் தூசி போட்டு வைத்தேன். நீங்கள் புதிதாகக் கரை வைப்பதாக இருந்தால் அவசரப்பட்டு இப்போதே கல் இறக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் குடையோடு வளவுக்குள் இறங்கி, தண்ணீர் ஓடுகிற தடம் முழுக்கக் குச்சி நட்டு வையுங்கள். தைப்பொங்கல் கழிந்து நிலம் இன்னும் இளக்கமாக இருக்கிற நாட்களில் மேசனைக் கூப்பிட்டு அந்தக் குச்சிகளைக் காட்டுங்கள். குச்சி நிற்கிற இடமெல்லாம் இடுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.