ஏத்தத்துல மட்டும் வந்த சத்தம், காது குடுத்து கேட்டே கண்டுபிடிச்ச மெக்கானிக்

ரெண்டு மாசமா நிம்மதியா ஓட்ட விடாத சத்தம்ங்க அது. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்கும்போது ஒண்ணுமே இருக்காது, திரும்பி வரப்ப குஞ்சப்பனை பக்கம் ஏத்தத்துல செகண்ட் கியர்ல ஆக்சிலேட்டர மிதிச்சா போதும், அடியில கரகரகரன்னு தகர டப்பால கூழாங்கல்ல போட்டு குலுக்குற மாதிரி வரும், காலை எடுத்தா உடனே நின்னுடும். 2014 மாடல் பெட்ரோல் வண்டி, 92,000 ஓடிருக்கு. அம்மாவ மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு கீழ கூட்டிட்டு போகணும், காட்டு ரோட்டுல நின்னுட்டா என்ன பண்றதுன்னு ஒவ்வொரு தடவையும் பயம்.

மொதல்ல கீழ ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டினேன், பேர் வேணாம். சமதள ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு முன்னாடி வீல் பேரிங்தான்னு சொல்லி ரெண்டையும் மாத்தி 7,200 ரூபா பில் போட்டாங்க. அன்னைக்கே மலை ஏறும்போது மறுபடி அதே கரகர. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு பிக்கப் ஓட்டுற தம்பி சொல்லி இந்த வொர்க்‌ஷாப்புக்கு வந்தேன். அந்த அண்ணன் ஸ்பேனர கையில எடுக்கவே இல்ல, முதல்ல கேள்விதான். காலைல குளிர்ல வருதா சூடானதும் வருதா, வளைவுல மட்டுமா நேர் ரோட்லயும் வருதா, நியூட்ரல்ல ரேஸ் பண்ணா வருதா. எல்லாம் கேட்டுட்டு "நீங்களே ஓட்டுங்க, நான் உக்காந்து கேக்குறேன்"னு சொல்லி டீ ஃபேக்டரி பின்னாடி இருக்குற செங்குத்தான சந்துக்கு கூட்டிட்டு போனார்.

பேரிங் போயிருந்தா ஊஊன்னு ஒரு இரைச்சல் வண்டி வேகத்தோடவே ஏறும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலும் கேட்டுட்டேதான் இருக்கும், உங்க சத்தம் கால எடுத்ததும் நிக்குதேன்னார். அடுத்து கிரவுண்டுல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் மெதுவா வட்டம் போட சொன்னார், டக் டக்குன்னு வரல, அதனால வீல சுத்த வைக்குற ஆக்சில் ஜாயின்ட் இல்ல. நின்னுட்டே ரேஸ் பண்ணாலும் சத்தம் இல்ல. கடைசியா அதே சந்துல ரிவர்ஸ்ல ஏத்த சொன்னார் பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம், சுத்தமா சத்தமே வரல! "அப்ப லோடு விழும்போது எஞ்சின் ஒரு பக்கமா சாயுதுங்க, ரிவர்ஸ்ல எதிர்பக்கம் சாயுது, அதான் இடிக்கல"ன்னு சொல்லிட்டார்.

ஷாப்புக்கு வந்து வீலுக்கு கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கையும் மிதிச்சுகிட்டு கிளட்ச லேசா விட்டார், பையன் பக்கவாட்டுல நின்னு பானட்டுக்குள்ள பார்த்தான் (முன்னாடி யாரையும் நிக்க விடல, இத வீட்டுல நீங்களா செஞ்சு பாக்காதீங்க). எஞ்சின் ரெண்டு விரக்கடை பின்னாடி எகிறுச்சு. கீழ எஞ்சின ஆடாம பிடிச்சுக்குற ராடோட ரப்பர் புஷ் கிழிஞ்சு தொங்குது, அதனால எஞ்சின் சாயுறப்ப சைலன்சர் பைப் மேல சூட்ட தடுக்க போட்டிருக்குற ஹீட் ஷீல்டு தகட்டுல போய் உரசியிருக்கு. டார்ச் அடிச்சு காமிச்சார், உரசின இடம் மட்டும் பளபளன்னு வெள்ளி மாதிரி இருந்துச்சு. அத கண்ணால பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு சந்தேகமே இல்ல.

ராடு 1,450, கூலி 600, துருபிடிச்சு ஆடிட்டு இருந்த தகட்ட கிளாம்ப் போட்டு இறுக்குனதுக்கு 300, மொத்தம் 2,350 ரூபா. பழைய பார்ட்ட பையில போட்டு கையில குடுத்துட்டார். போறப்ப இன்னொன்னும் சொன்னார், ஏத்தத்துல தேர்ட் கியர்ல வண்டி திணற திணற மிதிக்காதீங்க, செகண்டுக்கு மாத்திடுங்க, திணறினா எஞ்சின் உள்ள தட்டுற மாதிரி நாக் ஆகும், எஞ்சின தாங்குற ரப்பர் மவுண்டும் சீக்கிரம் போகும்னு.

குறைன்னு பார்த்தா, பார்ட் கோவைல இருந்து பஸ்ல வரணும், அதுக்கு ஒரு நாள் வண்டிய விட்டுட்டு வந்தேன். அவரும் ஒரு பையனும்தான், ஷெட்டுல ஒரு வண்டிக்குதான் இடம், மழை வந்தா வெளில நிக்குற வண்டில கை வைக்க முடியாது. கார்டு கிடையாது. ஃபோன்ல சத்தத்த சொன்னா என்னன்னு சொல்ல மாட்டார், கொண்டு வாங்கம்பார், அது எனக்கு சரியாதான் படுது.

500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருக்கா வாங்க, போல்ட்ட செக் பண்ணணும்னு சொல்லிருந்தார். நேத்து போனேன், அடியில படுத்து இறுக்கி பார்த்துட்டு காசே வாங்கல. நீங்க அவர்கிட்ட போறதா இருந்தா காலைல ஏழு ஏழரைக்கெல்லாம் போயிடுங்க, ஒம்பது மணி ஆனா தேயிலை ஏத்துற வண்டிங்க வரிசை கட்டிடும்.