வழுக்கையாற்றுக்கு எது நல்லது: அகன்ற வாய்க்காலா, வயலும் குளமுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறுதான். அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை என்று வந்து அராலியில் கடல்நீரேரியில் சேர்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு குடாநாடு வெள்ளக்காடானது. அப்படியொரு மழை வந்துபோகும் போதெல்லாம் இரண்டு யோசனைகள் எழும். வாய்க்காலை அகலமாக வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடு என்பது ஒன்று. வயலையும் குளத்தையும் விட்டுவை, அவை ஏந்தட்டும் என்பது மற்றது.

வாய்க்காலின் பலன் உடனே தெரியும். யாழ் நகரத்துக்குள் வேறு வழியும் இல்லை, அங்கே தண்ணீர் நிற்க வெற்றுநிலம் எங்கே இருக்கிறது? ஆனால் ஆற்றுப்படுகை ஏறக்குறையத் தட்டையான நிலம். புயற்காற்று கடல்நீரேரியைக் கரைக்குத் தள்ளும்போது, எவ்வளவு அகல வாய்க்காலானாலும் தண்ணீர் வடியாமல் நிற்கும். அப்புறம், கார்த்திகையில் அவசரமாகக் கடலுக்கு அனுப்பியது ஆவணியில் கிணற்றில் இருக்காது. இங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலே ஊறுவது குறைந்து இறைப்பது கூடினால், கீழிருந்து உவர் ஏறும்.

வயலுக்கு வருவோம். வரம்பு கட்டிய ஒரு பரப்பில், அதாவது ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கில், அரை அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 38,000 லீற்றர். அதே பரப்பில் மண் கொட்டி நிரவி வீடு கட்டினால், அவ்வளவும் பக்கத்து வளவுக்குப் போகும். மதிலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பனையோலை வேலிக்கும் கிளுவைக் கதியாலுக்கும் இடையால் வெள்ளம் கசிந்து போகும், மதில் அணைக்கட்டுப்போல் மறிக்கும். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்க, மதிலுக்கு உள்ளே முற்றம் காய்ந்து கிடப்பதை மாரியில் யாரும் பார்க்கலாம்.

செம்மண் தோட்டம் மழையை விரைவாக உறிஞ்சும், அது நல்லதுதான். ஆனால் வெங்காயத்துக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று என்ற உப்பும் அதோடு கிணற்றுக்கு இறங்கும்.

வயலும் குளமும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. நிஷா போன்ற மழையில் அவை நிரம்பிய பிறகு மிச்சம் ஓடத்தான் செய்யும். நெல்லில் வரும் காசைவிட காணி விலை பல மடங்கு என்பதால், விற்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். இருந்தும் நகரத்துக்கு வெளியே என் தெரிவு வயலும் குளமும்தான், ஏனென்றால் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் சேர்த்து உதவுவது இதுதான்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரவ முடியாது. அதை இந்தப் படுகையில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மதிலின் அடியில் தண்ணீர் போக வழி விடலாம். நாலைந்து குழாய்த் துண்டு போதும்.