முத்துப்பிள்ளைக் கர்ப்பமும் ஓர் இணைய ஆதரவுக் குழுவும்: நீண்ட கால அனுபவம்

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல், நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு இயல்புக்கு மாறாக வளரும் நிலை) என்று உறுதியாகி, கருப்பையைச் சுத்தம் செய்துகொண்டு வீடு திரும்பிய வாரத்தில், இந்நோய்க்கென்றே இயங்கும் ஓர் ஆங்கில ஃபேஸ்புக் குழுவில் சேர்ந்தேன். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளான பின்னும் அதில் தொடர்கிறேன். சேரலாமா என்று தயங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தத் திசுவை அகற்றியதோடு இந்த நோய் முடிந்துவிடுவதில்லை; எஞ்சியது மீண்டும் வளரக்கூடும். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இறங்கி இயல்புக்கு வரும்வரை வாராவாரம் பரிசோதிக்க வேண்டும். கண்காணிப்பு முடியும்வரை அடுத்த கர்ப்பத்தையும் தள்ளிப்போட வேண்டும். ‘அடுத்தது நல்லபடியாகத் தங்கும்’ என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லும்போது, இப்போதைக்கு முயலவே கூடாது என்பதை அவர்களுக்கு விளக்குவது பெரும்பாடு. குழுவில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் எழுதினாலும், லண்டனிலோ டொரண்டோவிலோ ஒருத்தி விழித்திருந்து பதில் எழுதுவாள்.

என் எச்.சி.ஜி. எண் இறங்காமல் நின்றுவிட்டதால் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோதெரபி ஊசி தொடங்கினார்கள். கர்ப்பத்திற்காக வாங்கிய ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நான் அப்போதும் விழுங்கிக்கொண்டிருந்தேன். அது இந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும், மருத்துவரிடம் கேள் என்று ஓர் உறுப்பினர் எழுதினார். கேட்டேன், மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். வாய்ப்புண் வந்து மோர்சாதம்கூட எரிந்த நாள்களில் உப்புநீர்க் கொப்பளிப்பு, மென்மையான பிரஷ் போன்ற சின்னச் சின்ன யோசனைகளும் அங்கிருந்தே கிடைத்தன.

ஆனால் எண்களை ஒப்பிடுவதற்கு அந்தக் குழு ஏற்ற இடமல்ல. பரிசோதனை முறைகள் வேறுபடுவதால் ஒரே பெண்ணின் எண்ணே இரண்டு லேப்களில் இரண்டு விதமாக வரக்கூடும். அப்படியிருக்க, இன்னொருத்தியின் எண்ணோடு நம்முடையதை வைத்துப் பார்ப்பதால் கலக்கமே மிஞ்சும். பிரிட்டனில் 1973 முதல் இந்நோயாளிகளைப் பதிவுசெய்து கண்காணிக்கும் தேசிய ஏற்பாடு உண்டு. லண்டன் சேரிங் கிராஸ், ஷெஃபீல்டு போன்ற மையங்களுக்கு மாதிரிகள் தபாலிலேயே போகின்றன. இந்தியாவில் நாமோ ஒவ்வொரு முறையும் தனியார் லேபில் பணம் கட்டிப் பார்க்கிறோம். கண்காணிப்புக் காலமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஃபிகோ என்ற சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டலின்படி, எண் இயல்புக்கு வந்தபின் முழுமையான வகைக்கு (கருவே உருவாகாதது) மூன்று மாதம் மாதந்தோறும் பார்த்தால் போதும், பிரிட்டனிலோ அது 6 மாதம்வரை நீளும். இது தெரியாமல், தங்கள் மருத்துவர் அலட்சியம் காட்டுகிறார் என்று பயந்துபோன இந்தியப் பெண்கள் பலரை அங்கே பார்த்திருக்கிறேன். நாடுவாரியான விளக்கம் ஒன்றை நிர்வாகிகள் முகப்பில் நிறுத்தியிருக்கலாம்.

இன்னொன்று, எளிதில் குணமானவர்கள் குழுவைவிட்டுப் போய்விடுகிறார்கள். நீண்ட சிகிச்சை பெறுபவர்களின் குரலே நிறையக் கேட்கிறது. உண்மையில் கீமோதெரபி தேவைப்படுவது முழுமையான வகையில் நூற்றில் ஏறத்தாழ 15 பேருக்கும், பகுதி வகையில் (கரு ஓரளவு உருவாவது) ஒருவருக்கும்தான். தேவைப்பட்டாலும் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் எனக்கு உள்பெட்டியில் குரல்பதிவாக அனுப்பிக் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறையேனும் ஒரு மகப்பேறு மருத்துவர் வந்து பதில் சொல்லும் ஏற்பாட்டோடு தமிழிலேயே ஒரு குழு அமைந்தால், அவர்களை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.