தள்ளுபடியில் நாஸ் வாங்கலாமா என்று கேட்ட சகலைக்கு

இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாருடைய படங்களையும் ஃபைல்களையும் ஒரே இடத்தில் சேமிக்கும் பெட்டி) தள்ளுபடி வந்திருக்கிறதாம். "நீங்க வச்சிருக்கீங்களே சகல, வாங்கலாமா?" என்று சகலை கேட்டார். நான் அப்போதுதான் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டுப் பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

ப்ராசஸர், ரேம் எல்லாம் விற்கிறவர்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அவர்கள் பேசாத விஷயம் கரண்ட். எங்கள் தெருவில் மணிக்கணக்கில் எல்லாம் போகாது. கொஞ்சம் காற்றடித்தால் சட்டென்று போய் உடனே வரும், ஃபேன் சுற்றுவதுகூட நிற்காது. ஆனால் நாஸ் அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் நீளமாக ஒரு பீப். முறையாக நிறுத்தவில்லை என்று போனுக்கு ஒரு புகார். அப்புறம் இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். 4 டிபி டிஸ்க் என்றால் அரை நாள் ஓடும், அதுவரை கறகறவென்று சத்தம். ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பீப்பைக் கேட்டு அம்மா எழுந்துபோய் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தார்.

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். மெயின் போனதற்கும் பேட்டரிக்கு மாறுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. லைட்டும் ஃபேனும் தாங்கும், நாஸ் தாங்காது. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்பதை நாஸுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதற்கு யுஎஸ்பி வழியாகப் பேசும் யுபிஎஸ் வேண்டும். கேபிளை நாஸில் செருகிவிட்டால், பேட்டரி இறங்கும்போது கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத் தானாக அணைந்துகொள்ளும். விலை குறைந்த யுபிஎஸ் பலவற்றில் அந்த ஓட்டையே இருக்காது. கேட்டால் கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றில்லை.

அதையும் வாங்கி மாட்டினேன். இப்போது நாஸ் பீப் அடிப்பதில்லை, யுபிஎஸ் அடிக்கிறது.

பெட்டியைக் குறை சொன்னால் பாவம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் வரம்பில்லாத இலவசத்தை நிறுத்தி எல்லாவற்றையும் 15 ஜிபிக்குள் அடக்கியதிலிருந்து வீட்டில் ஆளாளுக்குப் புலம்பல். பெட்டி வந்த பிறகு யாரும் அதைப் பேசுவதே இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபை கிடைத்ததும் படங்களைப் பெட்டியில் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. ஐபோன்தான் அடம்பிடிக்கும், அவ்வப்போது ஆப்பைத் திறந்து வைக்க வேண்டும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பெட்டி அவ்வப்போது பதிந்து வைத்துக்கொள்வது. மனைவி ஆசிரியை. அரையாண்டு வினாத்தாள் ஃபோல்டர் முழுவதையும் யாரோ அழித்துவிட்டார்கள் (யாரென்று இன்றுவரை வீட்டில் தெரியவில்லை). முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டைத் திறந்தால் அத்தனையும் அப்படியே இருந்தது. அன்றைக்கு இந்தப் பெட்டியைக் கும்பிட்டிருப்பேன். ஆனால் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் ஸ்னாப்ஷாட் கிடையாது, தள்ளுபடியில் வருவது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் தகவலை எழுத சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு முறைகள் உண்டு, வாங்கும்போது சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். ரெய்டில், அதாவது இப்படிப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும்போது, எஸ்எம்ஆர் டிஸ்க் இழுத்தடிக்கும்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவல் இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று சகலை நினைத்திருந்தார். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால் இரண்டும் போகும். 2022-ல் டெட்போல்ட் ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டிருந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அங்கேயும் எத்தனை டிஸ்க் இருந்தாலும் உதவாது. அதனால் வெளியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறக்காதீர்கள். பேக்கப்புக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கத்தான் வேண்டும்.

ஆக, பெட்டி, இரண்டு டிஸ்க், யுஎஸ்பி உள்ள யுபிஎஸ், பேக்கப்புக்கு ஒரு டிஸ்க், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை யுபிஎஸ் பேட்டரி. இதில் தள்ளுபடி பெட்டிக்கு மட்டும்தான். நல்ல பொருள்தான், ஆனாலும் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, மாதம் ஒருமுறை இரண்டிலும் ஏற்றி, ஒன்றை மாமனார் வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள், அது பீப் அடிக்காது என்றேன்.

"அப்போ உங்க பெட்டியை எனக்குப் பாதி விலைக்குக் குடுத்துடுங்க சகல" என்றார்.

அதெல்லாம் முடியாது.