பழைய 12 வோல்ட் அம்ப்ளிபயரா, ட்ரொலி ஸ்பீக்கரா?

திருகோணமலையில் ஒரு சின்னக் கோயிலோ, மீனவர் சங்கமோ, சனசமூக நிலையமோ மைக்செட் வாங்க நினைத்தால் தெரிவு பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 12 வோல்ட் பற்றறியிலும் 230 வோல்ட் மின்சாரத்திலும் ஓடும் பழைய 30 வாட் அம்ப்ளிபயர், அதோடு வயர் மைக்கும் ஹோர்ன் என்ற கூம்பு ஒலிபெருக்கியும். மற்றது, பற்றறி, புளூடூத், வயர்லெஸ் மைக் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும், சில்லு வைத்த ட்ரொலி ஸ்பீக்கர். நாங்கள் பழையதைத்தான் வைத்திருக்கிறோம். நான் அதன் பக்கம் நின்றே எழுதுகிறேன்.

பாட்டுப் போடுவதற்கு ட்ரொலி நல்லது, அதில் வாதமே இல்லை. பேச்சுக்கு ஹோர்ன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் ஹோர்ன் 105 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கும். சாதாரண ஸ்பீக்கர் 90 அளவில் நிற்கும். அந்த 15 டெசிபெல்லை வலுவால் ஈடுசெய்ய முப்பது மடங்கு வாட் வேண்டும். ட்ரொலி பெட்டியில் ஒட்டியிருக்கும் பெரிய வாட் எண்ணை நம்பி உப்புவெளிக் கடற்கரையில் கூட்டம் வைத்தால் பின்வரிசைக்குக் கச்சான் காற்றுத்தான் கேட்கும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது ஒலி அல்ல, பற்றறி. இந்த இடங்களில் மைக்செட் தினமும் ஓடுவதில்லை. திருவிழா, இல்ல விளையாட்டுப் போட்டி, ஒரு பொதுக்கூட்டம், ஒரு மரண அறிவித்தல். மற்ற நாளெல்லாம் அறையில் கிடக்கும். ட்ரொலிக்குள் இருப்பது பெரும்பாலும் 4.5 அல்லது 7 அம்பியர்-மணி மூடிய ஈயப் பற்றறி. பாவிக்காவிட்டாலும் அது தானாக இறங்கும், எங்கள் வெக்கையில் இன்னும் வேகமாக. சுவிட்ச் அணைந்த நிலையிலும் உள்ளே இருக்கும் மின்சுற்று கொஞ்சம் மின்சாரம் இழுக்கக்கூடும். 12.4 வோல்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகும்; பிறகு எத்தனை மணித்தியாலம் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் குரல் கம்மும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது நினைவாகச் சார்ஜ் செய்தால் இது வராது. பொதுப் பொருளுக்கு அந்த ‘யாராவது’ இருப்பது அரிது. லித்தியம் பற்றறி உள்ள பெட்டிகள் பல மழைக்காலம் தாண்டி எப்படி நிற்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

பழைய அம்ப்ளிபயருக்குள் பற்றறியே இல்லை. தேவையான நாளில் ஓட்டோவின் பற்றறியையோ வாகனப் பற்றறியையோ இரவல் வாங்கலாம். அவை தினமும் சார்ஜ் ஆகி உயிரோடு இருப்பவை. 30 வாட் செட் முழுச் சத்தத்தில் 4 முதல் 5 அம்பியர் இழுத்தாலும் பேச்சுக்குச் சராசரி ஒன்றரை அம்பியருக்குள் அடங்கும். 35 அம்பியர்-மணி பற்றறியில் பாதியை மட்டும் எடுத்தாலே பத்து மணித்தியாலம் பேசலாம். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், 5 அம்பியரில் போக வர ஏறத்தாழ 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும், 2.5 போட்டால் 0.35தான். பியூஸ் பற்றறி முனைக்கு அருகிலேயே இருக்கட்டும். சிவப்பு, கறுப்பு மாறினால் செட் போய்விடும், ஆகவே கிளிப்புகளுக்கு நிறம் கட்டாயம். ஓட்டோவின் எஞ்சின் ஓடும்போது இரைச்சல் வந்தால் இணைப்பைச் சுவிட்ச் வயரிலிருந்து எடுத்துப் பற்றறி முனையிலேயே நேரடியாகக் கொடுங்கள்.

பழையதற்கும் நோய் உண்டு. முதல் எதிரி உப்புக்காற்று. ஹோர்ன் வயர் மாட்டும் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள்: செம்பு நூல்கள் பச்சையாகப் பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். அந்த நுனியை வெட்டி எறிந்து, புதிதாக உரித்து ஈயம் பூசி, இறுக்கிய பின் மேலே மெல்லிய வாஸ்லின். வொலியூம் திருகும்போது கரகரத்தால் கொன்ராக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும். தேங்காய் எண்ணெய் விடுவார்கள்; அது தூசியைப் பிடித்து நிரந்தரமாகக் கெடுக்கும். மைக் விட்டு விட்டுக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு ப்ளக்குக்குப் பக்கத்தில் வயர் முறிந்திருக்கும். நான்கு அங்குலம் வெட்டி மறுபடி ஈயம் வையுங்கள். யாரும் பேசாதபோதும், மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் உம்மென்ற இரைச்சல் வந்தால் வடிகட்டும் கப்பாசிற்றர் வற்றியிருக்கலாம். 2N3055 போன்ற உலோகத் தொப்பி ட்ரான்சிஸ்டர் மாற்றும்போது அடியில் வைக்கும், மின்சாரம் கடத்தாத மைக்கா தகட்டை மறக்கக் கூடாது. ட்ரான்சிஸ்டரின் உடம்பே கலெக்டர் என்ற மின்முனை, அடிச்சட்டத்தில் பட்டால் ஷோர்ட்.

ஹோர்ன் இரண்டு போடுவதென்றால் 16 ஓம் இரண்டையும் சமாந்தரமாகக் கொடுத்து அம்ப்ளிபயரின் 8 ஓம் முனையில் மாட்டுங்கள், 16இல் அல்ல. வயரைத் தொடமுன் சுவிட்சை அணையுங்கள். ஹோர்ன் வயர் இரண்டும் ஒன்றோடொன்று பட்டால் ட்ரான்சிஸ்டர் எரியும். கீச்சென்று கத்தினால் வொலியூமைக் குறைப்பதைவிட மைக்கை ஹோர்னின் வாய்க்குப் பின்னால் கொண்டுபோவதே சரியான மருந்து.

ட்ரொலி வெல்லும் இடமும் உண்டு. வகுப்பறை, மண்டபம், பஜனை, தூக்கிப் போக ஆளில்லாத இடம் என்றால் அதையே வாங்குங்கள். வயர்லெஸ் மைக் மட்டும் கவனம்: ஒன்று தொலைந்தால் அதே அலைவரிசைக்குப் பொருந்தும் தனி மைக் தேடி அலைய வேண்டிவரும். பழைய செட்டுக்கு 6.35 மில்லிமீற்றர் ப்ளக் உள்ள எந்த டைனமிக் மைக்கும் ஓடும்.

பாவித்த அம்ப்ளிபயர் வாங்கப் போகிறவர்கள் மல்ரிமீற்றர் கொண்டுபோங்கள். ஹோர்னுக்குள் ஒலி எழுப்பும் 16 ஓம் யூனிட் 12, 13 ஓம் காட்டினால் நல்லது. ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்தது, யூனிட்டின் விலையைக் கழித்துப் பேசுங்கள். பல வருடம் கிடந்த செட்டை நேரே மின்சாரத்தில் மாட்டாமல் 100 வாட் இழைமின்குமிழ் ஒன்றைத் தொடராகக் கொடுத்துப் போடுங்கள். மின்குமிழ் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோர்ட்; மினுங்கி மங்கினால் அரை மணித்தியாலம் அப்படியே விட்டு, பிறகு நேரே கொடுக்கலாம். வாடைக்காலத்தில் ஈரம் உள்ளே தங்காமல் இருக்க, மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஓடவிட்டால் போதும்.