குறைவது கொழுப்பா, தசையா? நடுவயது எடை குறைப்பு வழிகள்: ஓர் ஒப்பீடு

தொப்பை விழுந்த ஐம்பது வயதுக்காரர் எவரைக் கேட்டாலும், வயதாகிவிட்டதால் உடம்பு முன்போல எரிப்பதில்லை என்பார். 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. உடலின் பருமனையும் அதிலுள்ள கொழுப்பல்லாத திசுவின் (தசை, உள்ளுறுப்புகள் முதலியவை) அளவையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை உடல் நாள்தோறும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. சரிவு 60-க்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்படியானால் நாற்பதுகளில் எது மாறுகிறது? முப்பது வயதுக்கு மேல், வேலை கொடுக்கப்படாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை கரைகிறது. நடமாட்டம் குறைந்து நாற்காலி நேரம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

எனவே நடுவயதில் ஒரு வழியை மற்றொன்றோடு ஒப்பிடும்போது, எதில் எத்தனை கிலோ குறையும் என்பதைவிட, குறைந்த கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பு அவசியமானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் பருமன் குறியீடு (பிஎம்ஐ) இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. எடை பார்க்கும் இயந்திரத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

சோற்றுத் தட்டைச் சுற்றி மூன்று அணிகள்

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று உண்மையாகப் போட்டியிடும் உணவு வழிகள் மூன்று என்று சொல்லலாம். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை அனைத்தையும் விலக்கும் பேலியோ. காலை இட்லியை விட்டுவிட்டு, மதியம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டும் உண்ணும் பதினாறு மணி நேரப் பட்டினி. எதையும் விலக்காமல் தட்டிலுள்ள விகிதத்தை மட்டும் மாற்றுவது.

பேலியோவின் மீது எனக்கு மரியாதை உண்டு. சோறே சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்று பழகிய வீடுகளில் புரதத்தைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். சர்க்கரையும் மைதாவும் எண்ணெய்ப் பலகாரமும் ஒரே நாளில் நின்றுபோவதால் இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பும் இறங்குவதைப் பலர் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் முதல் பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியது என்ற மகிழ்ச்சியைச் சற்றே தள்ளிவைக்க வேண்டும். மாவுச்சத்தை நிறுத்தியவுடன் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜனின் இருப்பு குறைகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பது. ஆகவே முதலில் வெளியேறுவது பெரும்பகுதி நீர்தான், முதல் கல்யாண விருந்தோடு அது திரும்பி வந்துவிடும். காலை உணவாகப் புகழ்பெற்ற நூறு பாதாமில் ஏறத்தாழ 700 கலோரியும் 25 கிராம் புரதமும் இருக்கின்றன. பசியைத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. மாதத்துக்கு மூன்றரை கிலோ பாதாம் வாங்கும் குடும்பத்தின் வரவு செலவு வேறு விஷயம். சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கணிசமாக ஏறுவதும் உண்டு; எனவே இந்த வழியில் செல்பவர்கள் மூன்று மாதத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை செய்யாமல் தொடர்வது சரியன்று.

பட்டினி வழியின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது: எதைச் சாப்பிடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை, எப்போது என்பது மட்டுமே விதி. அந்த எளிமையே அதன் பலவீனமும் ஆகும். 2020-இல் அமெரிக்காவில் 116 பேரைக் கொண்டு, மேலே சொன்ன அதே 12 மணி முதல் 8 மணி வரையிலான ஏற்பாட்டை 12 வாரம் சோதித்தார்கள். பட்டினி அணி சராசரியாக 0.94 கிலோ இழந்தது. மூன்று வேளையும் உண்ட அணி 0.68 கிலோ இழந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நேரில் வரவழைத்து விரிவாக அளக்கப்பட்ட பட்டினிக்காரர்களிடம், இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி. எட்டு மணி நேரத்துக்குள் இரண்டு வேளை மட்டும், அதுவும் சாதமும் குழம்புமாக உண்பவருக்குத் தேவையான புரதம் எங்கிருந்து வரும்? மாறாக, 2022-இல் வெளியான, சீனாவின் குவாங்சோ நகர ஆய்வில் கலோரி வரம்பும் சேர்த்து விதிக்கப்பட்டது. ஓராண்டில் நேரக் கட்டுப்பாட்டு அணி 8.0 கிலோவும், அதே வரம்பை நாள் முழுதும் பிரித்து உண்டவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். இந்த வேறுபாடும் புள்ளியியல் கணக்கில் உறுதியாகவில்லை. வேலை செய்தது கலோரி வரம்பு என்று கொள்வதே பொருத்தம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பக்கமே போகக் கூடாது.

மூன்றாவது வழிக்குப் பெயரும் இல்லை, கொடியும் இல்லை. மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் இரட்டிப்பாகவும், சுண்டலோ முட்டையோ மீனோ தயிரோ ஒவ்வொரு வேளையிலும் கட்டாயமாகவும் வைப்பது அவ்வளவுதான். வேகவைத்த சோறு 300 கிராமில் ஏறத்தாழ 390 கலோரியும் வெறும் 8 கிராம் புரதமும் இருக்கின்றன. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் 10 கிராம் புரதம் கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 58 கிராம். எடை குறைக்கும் காலத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக உண்பது தசைக்குக் காப்பு (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு). இந்த வழியில் யாரும் கவனிக்காத ஓட்டை எண்ணெய்க் குடுவை. தலைக்கு மாதம் ஒரு லிட்டர் எண்ணெய் செலவாகும் வீட்டில், ஒவ்வொருவர் தட்டிலும் நாள்தோறும் ஏறத்தாழ 270 கலோரி எண்ணெயாக மட்டுமே விழுகிறது. தாளிக்கும் கரண்டியைச் சிறிதாக்குவது சோற்றைக் குறைப்பதைவிட எளிது என்பது என் அனுபவம்.

அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியம் என்று சொல்லும் நான்காவது அணியும் உண்டு. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 355, கேழ்வரகில் 320, சாமையில் 345 கலோரி. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை குறையும் என்பது ஆசை.

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற பழைய சண்டைக்கு 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வைத்தது. 609 பேர் ஓராண்டு பங்கேற்ற அதில், முதல் அணி 5.3 கிலோவும் இரண்டாம் அணி 6.0 கிலோவும் குறைந்தன. ஒரே அணிக்குள்ளேயே 25 கிலோவுக்கு மேல் குறைந்தவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். ஆகவே மூன்று வழிகளில் எது சிறந்தது என்று ஒருவர் என்னைக் கேட்டால், குடும்பத்தில் மற்றவர்கள் சாப்பிடும் அதே அடுப்பிலிருந்து எதை ஐந்து ஆண்டு தொடர முடியும் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோருக்கு விடை பெயரில்லாத மூன்றாவது வழியாகவே இருக்கும். தனியாகச் சமைத்துக்கொள்ளவும் அசைவத்துக்குச் செலவிடவும் வசதி உள்ளவருக்குப் பேலியோ பொருந்தலாம். இரவு பதினோரு மணிக்குக் கொறிக்கும் பழக்கம் உள்ளவருக்கு நேரக் கட்டுப்பாடு, காலை உணவை வெட்டாமல் இரவு உணவை ஏழு மணிக்கு முன்னிழுக்கும் வடிவில், பயன்படலாம்.

நடையா, பளு தூக்குவதா

நடுவயதுத் தமிழரின் உடற்பயிற்சி என்றால் நடைப்பயிற்சிதான். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையை இரண்டு முறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் அதில் செலவிடுவது 200 முதல் 250 கலோரி. நடந்து முடித்து நண்பர்களோடு உண்ணும் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடையை இறக்கும் கருவியாக நடை மெலிந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் எடையை மட்டும் பார்த்து அதைத் தள்ளிவிட முடியாது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களது எடை பெரிதாகக் குறையவில்லை. இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் தெருவில் நடப்பது சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிப்பதும் இதே திசையில் நிற்கும் செய்தி.

நடையால் செய்ய இயலாத ஒன்று, எடை குறையும்போது தசையைப் பிடித்து வைப்பது. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 160 பேர் பங்கேற்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சியும் செய்த மூன்று அணிகளிலும் ஏறத்தாழ 9 விழுக்காடு எடை குறைந்தது. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். பளுப் பயிற்சி செய்தவர்கள் 2 விழுக்காட்டையும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 3 விழுக்காட்டையும் மட்டுமே இழந்தார்கள். உடல் செயல்திறனில் முன்னேற்றம் கண்டது சேர்த்துச் செய்த அணிதான் அதிகம். அவர்கள் நடுவயதினர் அல்லர் என்றாலும், தசை இழப்பு தொடங்கிவிட்ட நாற்பத்தைந்திலும் காரணம் வேறல்ல.

பளு என்றவுடன் கண்ணாடி முன் நிற்கும் இளைஞர்கள் நிறைந்த ஜிம் நினைவுக்கு வந்து பலர் பின்வாங்குகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அவசியமில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது, இவற்றை வாரம் இரண்டு நாள், கடைசி இரண்டு முறை சிரமப்படும் அளவுக்குச் செய்வதே தொடக்கத்துக்குப் போதும். மூட்டு வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கலாம். வாரத்தில் ஐந்து மணி நேரம் நடப்பவர் அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு விட்டுக்கொடுத்தால் நட்டம் ஒன்றுமில்லை.

இயந்திரமா, நாடாவா

இந்தியர்களுக்கு உடல் பருமன் குறியீடு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐ எட்டினால் உடல் பருமன். ஆயினும் யாஜ்னிக்கின் படத்தைப் பார்த்தவர் இதை மட்டும் நம்பமாட்டார். பளுப் பயிற்சியும் புரதமும் சேர்ந்தால் மாதக்கணக்கில் எடை அசையாமல் இருக்க, வயிறு இறங்கும். இயந்திரத்தை மட்டும் நம்புகிறவர் அந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுவார். தையற்காரரின் நாடா அப்படி ஏமாற்றாது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், மாதம் ஒருமுறை அளக்கவேண்டும். கால்சட்டையின் அளவை இதற்குப் பதிலாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் ஆண்களில் பலர் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கி அணிகிறோம். நான் முதன்முதலில் அளந்தபோது என் கால்சட்டை 34 அங்குலம், அதாவது 86 செ.மீ.; நாடா காட்டியது 97.